சீமைப் பட்டமும் வீட்டுப் பத்திரமும்

சீமைக்குப் போய்ப் பட்டம் பெற்று வருவது நம்மவருக்குப் புதிய ஆசையல்ல. இந்தியன் சிவில் சர்வீஸ் பரீட்சை லண்டன் மாநகரில் மட்டுமே நடந்து வந்த காலத்தில், அதை எழுதுவதற்காக நஞ்சையை விற்றும் நகையை வைத்தும் பிள்ளையைக் கப்பலேற்றிய குடும்பங்கள் பல. 1922-ஆம் வருஷத்தில் அந்தப் பரீட்சை அலகாபாத்திலும் நடக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தச் செலவு சிலருக்கு மிச்சமாயிற்று. பாரிஸ்டர் பட்டத்தின் கதையும் அதுவே. லண்டனில் விருந்துண்டு வந்தவருக்கு இருந்த மதிப்பு, சென்னையிலேயே சட்டம் படித்தவருக்கு நெடுநாள் இருந்ததில்லை. இத்தனைக்கும், சென்னை ஹைகோர்ட்டில் முதல் இந்திய நீதிபதியாக அமர்ந்த முத்துசாமி ஐயர் சென்னையிலேயே சட்டப் பட்டம் பெற்றவர்!

இன்று அந்த இடத்தில் எம்.பி.ஏ. என்னும் வியாபார நிர்வாகப் பட்டம் வந்து உட்கார்ந்திருக்கிறது. என்ஜினீயரிங் படித்து, நாலைந்து வருஷம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்து, இருபத்தேழு வயதை எட்டிய இளைஞர் ஒருவர், அமெரிக்காவுக்கோ பிரான்ஸுக்கோ சிங்கப்பூருக்கோ போய் இந்தப் பட்டத்தைப் பெற்றால் உலகத்தில் எங்கும் உத்தியோகம் கிடைக்கும் என்று கணக்குப் போடுகிறார். தகப்பனாரிடம் சொல்கிறார். தகப்பனார் பீரோவிலிருந்து வீட்டுப் பத்திரத்தை எடுக்கிறார். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மதுரையிலும் வருஷந்தோறும் நடக்கும் சம்பவம் இது. இந்தக் கணக்கு சரியா, பிசகா என்பதை விசாரிப்பதே நமது நோக்கம். போவதே தேசத் துரோகம் என்று கூறும் கட்சியில் நாம் இல்லை. போனால்தான் மனிதர் என்று கூறும் கட்சியிலும் இல்லை.

முதலில், விற்கப்படும் சரக்கு யாது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. பட்டதாரிகளுக்கென்று தனியாக வியாபார நிர்வாகக் கல்வியை ஏற்படுத்திய முதல் கலாசாலை, அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியைச் சேர்ந்த டக் பள்ளி. அது 1900-இல் தொடங்கியது. எம்.பி.ஏ. என்ற பட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்து பிரபலமாக்கியது 1908-இல் பிறந்த ஹார்வர்ட் வியாபாரப் பள்ளி. அங்கே பாடப் புத்தகத்தை ஒப்பிப்பதில்லை. ஒரு கம்பெனி உண்மையில் சிக்கிக்கொண்ட நெருக்கடியை இருபது பக்கத்தில் எழுதிக் கொடுத்து, 'நீர் முதலாளியாயிருந்தால் என்ன செய்வீர்?' என்று கேட்டு, வகுப்பு முழுவதையும் வாதாட விடுகிறார்கள். நல்ல முறைதான். ஆனால் கணக்குப் பதிவு, நிதி, சரக்கு விற்பனை, புள்ளிவிவரம், ஆட்களை நடத்துதல் ஆகிய விஷயங்களை அறிவதற்காக மட்டும் ஒருவர் கடல் கடக்க வேண்டியதில்லை. அவை அகமதாபாத்திலும் கல்கத்தாவிலும் 1961-இல் தோன்றிய கழகங்களில் கற்பிக்கப்பட்டு வருகின்றன. அகமதாபாத் கழகம் ஹார்வர்டின் உதவியுடனும், கல்கத்தா கழகம் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் உதவியுடனும் நிறுவப்பட்டவை. 2011-இல் நமது திருச்சிராப்பள்ளியிலும் ஒன்று வந்தது. ஆக, அறிவு உள்ளூரிலேயே கிடைக்கிறது.

அயல்நாட்டுப் பள்ளியில் விலை கொடுத்து வாங்குவது வேறு இரண்டு பொருள்கள். ஒன்று, அந்நாட்டு முதலாளிகள் ஆள் எடுக்க அந்தக் கலாசாலையின் வாசலுக்கு வருகிறார்கள் என்பது. மற்றொன்று, கூடப் படிக்கும் பல தேசத்து மாணவர்களின் தோழமை. இரண்டாவதன் பலன் பதினைந்து வருஷத்துக்குப் பின்னால் தெரியும். கடன் தவணையோ மூன்றாம் வருஷத்திலேயே வந்துவிடும். எனவே முதலாவதைப் பற்றியே நாம் அதிகமாகப் பேச வேண்டியிருக்கிறது.

ரூபாய்க் கணக்கு

பெயர் பெற்ற அமெரிக்கப் பள்ளிகளில் படிப்புக் கட்டணம் மட்டும் இப்போது வருஷத்துக்கு 75,000 டாலரைத் தாண்டிவிட்டது. படிப்பு இரண்டு வருஷம். வாடகை, உணவு, வைத்தியக் காப்பீடு ஆகியவற்றைச் சேர்த்தால் மொத்தம் 2,00,000 டாலருக்குக் குறையாது. 2010 வாக்கில் டாலர் ஒன்றுக்கு 45 ரூபாய் கொடுத்தால் போதும். அந்த விலையில் இது 90 லட்ச ரூபாய். 2025 டிசம்பரில் டாலரின் விலை 90 ரூபாயைக் கடந்தது. அந்த விலையில் 1 கோடியே 80 லட்சம். கட்டணம் கொஞ்சமும் ஏறாமல் இருந்திருந்தாலுங்கூட ரூபாயில் செலவு இரட்டித்திருக்கும். கட்டணமும் ஏறியிருக்கிறது.

நமது இளைஞருக்குப் பள்ளி ஓரளவு உபகாரச் சம்பளம் கொடுக்கிறது, அவருக்குக் கைச் சேமிப்பும் இருக்கிறது, எஞ்சிய 1 கோடி ரூபாயைப் பாங்கியில் 11 சதவீத வட்டிக்குக் கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருஷத் தொடக்கத்தில் பாதி, இரண்டாம் வருஷத் தொடக்கத்தில் பாதி கைக்கு வருகிறது. படிப்பு முடிந்து ஆறு மாதம் கழித்துத் தவணை ஆரம்பம். அதற்குள் சாதாரண வட்டியே 22 லட்சம் ஏறியிருக்கும். 1 கோடியே 22 லட்சத்தைப் பத்து வருஷத்தில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 1,68,000 ரூபாய். பதினைந்து வருஷமாக நீட்டிக்கொண்டால் 1,39,000. படிப்பதற்காக உதறிவிட்டுப் போன சம்பளத்தை இந்தக் கணக்கில் நாம் சேர்க்கவில்லை. வருஷம் 20 லட்சம் வாங்கி வந்தவருக்கு அது ஒரு 40 லட்சம்.

இப்போது இரண்டு வழிகள். அவருக்கு அமெரிக்காவிலேயே வேலை கிடைத்து, அங்கேயே இருக்கவும் முடிகிறது என்போம். 2024-இல் ஹார்வர்டில் பட்டம் பெற்று வேலையில் அமர்ந்தவர்களின் நடுத்தர அடிப்படைச் சம்பளம் 1,75,000 டாலர். அதில் மூன்றில் ஒரு பங்கு வரிக்குப் போகும். நியூயார்க் போன்ற நகரத்தில் சிக்கனமாகக் குடித்தனம் செய்தால் வருஷத்துக்கு 50,000 டாலர் மிஞ்சக்கூடும். கடன் மூன்று வருஷத்தில் தீர்ந்துவிடும். ரூபாயின் விலை மேலும் இறங்கினால் இன்னும் சீக்கிரம் தீரும். ஏனெனில் கடன் ரூபாயில், வருமானம் டாலரில். இந்த வழியில் போனவருக்குக் கணக்கு சரியாகிவிட்டது. அவரைப் பார்த்துத்தான் மற்றவர்கள் புறப்படுகிறார்கள்.

இரண்டாவது வழியில், அவர் திரும்பி வர நேர்கிறது. நல்ல பட்டம், நல்ல அனுபவம்; பெங்களூரிலோ பம்பாயிலோ வருஷம் 40 லட்ச ரூபாய்ச் சம்பளத்தில் ஒரு வேலை கிடைக்கிறது. கேட்பதற்குப் பெரிய சம்பளம். வருமான வரி போகக் கைக்கு வருவது மாதம் சுமார் 2,65,000. அதில் பாங்கிக்கு 1,68,000. மிச்சம் ஒரு லட்சத்துக்கும் குறைவு. அதில் வாடகை, சாப்பாடு, கல்யாணம், பெற்றோரின் மருந்துச் செலவு எல்லாம் அடங்க வேண்டும். போவதற்கு முன் அவர் கையில் இதைவிட அதிகமாகவே நின்றது. முப்பது வயதில் தொடங்கி நாற்பது வயது வரை இந்த நிலை. இதற்கிடையில் தொழில் மந்தம் ஏற்பட்டு வேலை போனால், பாங்கி தேடி வருவது பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட தகப்பனாரை!

ஆகவே கேள்வி இதுதான்: முதல் வழியில் போவோமா, இரண்டாவது வழியில் போவோமா என்பதைத் தீர்மானிப்பவர் யார்? மாணவரின் மதிப்பெண் ஓரளவு தீர்மானிக்கும். பள்ளியின் பெயர் ஓரளவு தீர்மானிக்கும். ஆனால் இவை இரண்டையும்விட அதிகமாகத் தீர்மானிப்பது, அந்நிய நாட்டுச் சர்க்கார் குடியேற்றத்துக்கு இயற்றி வைத்திருக்கும் சட்டம். அந்தச் சட்டத்தில் நமக்கு ஓட்டும் இல்லை, வழக்காடும் பாத்தியதையும் அநேகமாக இல்லை.

குடத்தில் எழுதிப் போட்ட பெயர்

அமெரிக்காவில் படித்து முடித்த அந்நிய மாணவர் ஒரு வருஷம் அங்கே வேலை செய்யலாம். படிப்பு விஞ்ஞானம், தொழில்நுட்பம், கணிதம் என்ற வகுப்பில் சேர்ந்ததாக இருந்தால் இன்னும் இரண்டு வருஷம் கிடைக்கும். இதற்காகவே பல வியாபாரப் பள்ளிகள் தங்கள் பாடத்திட்டத்தை அந்த வகுப்பில் பதிவு செய்து வைத்திருக்கின்றன. பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தின் அழகைப் பார்ப்பதைவிட இந்த ஒன்றைப் பார்ப்பது மேல். மூன்று வருஷத்துக்கும் ஒரு வருஷத்துக்கும் உள்ள வேற்றுமை, குலுக்கலில் மூன்று முறை பெயர் போடுவதற்கும் ஒரு முறை போடுவதற்கும் உள்ள வேற்றுமை.

குலுக்கல் என்று சொன்னது அலங்காரமல்ல. தொடர்ந்து வேலை பார்க்க எச்-1பி விசா வேண்டும். வருஷத்துக்கு 65,000, அமெரிக்காவில் மேல்பட்டம் பெற்றவர்களுக்கு மேற்கொண்டு 20,000. கேட்பவர்கள் இதைப்போல் பல மடங்கு. 2025-இல் தகுதியுள்ள பதிவுகள் ஏறத்தாழ 3,44,000. தேர்வானவை ஏறத்தாழ 1,20,000. மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல். அமெரிக்கப் பட்டதாரிக்கு வாய்ப்பு இதைவிடக் கொஞ்சம் கூடுதல் என்றாலும், மூன்றில் ஒன்று என்றே வைத்துக்கொண்டு பார்த்தால், ஒரே முறை பெயர் போடுகிறவர் மூவரில் இருவர் தோற்பார்கள். மூன்று முறை போடுகிறவர்களில் ஏறக்குறைய பத்துப் பேரில் மூவர் தோற்பார்கள். தோற்றவர் திறமையில் குறைந்தவர் அல்லர். அவர் பெயர் எழும்பவில்லை, அவ்வளவே.

இந்த விதிகளும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. 2025 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி, புதிய எச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் செலுத்த வேண்டும் என்று ஒரு வருஷத்துக்கு ஆணை பிறப்பித்தார். அந்நாட்டுக்குள்ளேயே மாணவராக இருந்து வேலைக்கு மாறுகிறவரை அது பாதிக்காது என்று மறுமாதம் விளக்கம் வந்தது. அந்த ஒரு மாதம் நம் மாணவர்களும் அவர்கள் பெற்றோரும் உறங்கியிருப்பார்களா என்பது சந்தேகம். பிறகு அதே வருஷம் டிசம்பரில் குலுக்கலின் முறையே மாற்றப்படுவதாக அறிவிப்பு வந்தது. தொழிலுக்கும் ஊருக்கும் ஏற்ப வகுக்கப்பட்ட நான்கு ஊதியப் படிகளில், உயர்ந்த படியில் இருப்பவரின் பெயர் குடத்தில் நான்கு முறை விழும். அடிப்படியில் இருப்பவரின் பெயர் ஒரே முறை. இதனால் எம்.பி.ஏ. பட்டதாரிக்கு லாபமா நஷ்டமா என்றால், அது அவர் எந்தப் படியில் அமர்த்தப்படுகிறார் என்பதைப் பொறுத்தது. பெரிய சம்பளமாயிருந்தாலும் புதிதாகச் சேர்ந்தவர் கீழ்ப்படிகளில் வைக்கப்படுவது சகஜம்.

எச்-1பி கிடைத்தவருக்கும் கவலை தீர்ந்துவிடவில்லை. நிரந்தரக் குடியுரிமைச் சீட்டில் எந்த ஒரு தேசத்தில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பது சட்டம். 140 கோடி ஜனங்கள் உள்ள இந்தியாவுக்கும் அதே 7, சின்னஞ்சிறு தீவுக்கும் அதே 7. வரிசையில் நிற்கும் இந்தியருக்கு முறை வர பல்லாண்டுகள் ஆகின்றன. சிலருக்கு ஆயுளே போதாது என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். அதுவரை வேலை போனால் அறுபது நாளுக்குள் வேறு வேலை தேட வேண்டும், இல்லையேல் மூட்டை கட்ட வேண்டும்.

அமெரிக்காதான் இப்படி என்று நினைக்க வேண்டாம். பிரிட்டன் 2012-இல் படிப்புக்குப் பின் வேலை பார்க்கும் அநுமதியை நிறுத்தியது; 2021-இல் இரண்டு வருஷ அநுமதியாகத் திரும்பக் கொடுத்தது; 2027 ஜனவரி முதல் மனுச் செய்வோருக்கு அதைப் பதினெட்டு மாதமாகக் குறைப்பதாக அறிவித்தது. 2024 ஜனவரியிலிருந்து, வகுப்பில் கற்பிக்கப்படும் மேல்பட்டத்துக்குச் சேருகிறவர் மனைவி மக்களை உடன் அழைத்துச் செல்ல முடியாதபடி செய்தது. எம்.பி.ஏ.யும் அதில் அடக்கம். கனடா 2024 ஜனவரியில் அந்நிய மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டியது. சிங்கப்பூர் 2023 செப்டம்பர் முதல் சம்பளம், பட்டம், அந்தக் கம்பெனியில் ஒரே தேசத்தார் எத்தனை பேர் என்பவற்றுக்கெல்லாம் புள்ளி போட்டு வேலை அநுமதி தருகிறது. தமிழ் அங்கே ஆட்சி மொழிகளுள் ஒன்று என்பதற்குப் புள்ளி கிடையாது! ஜெர்மனி படித்தவருக்கு வேலை தேடப் பதினெட்டு மாதம் தருகிறது. ஆனால் ஜெர்மன் பாஷை தெரியாத நிர்வாகியை அங்கே எத்தனை கம்பெனிகள் விரும்பும்?

அந்தந்த நாடு தன் மக்களின் உத்தியோகத்தைக் காத்துக்கொள்வதில் குற்றம் காண்பதற்கில்லை. நம் கையில் அதிகாரம் இருந்தால் நாமும் அதையே செய்வோம். இரண்டு வருஷப் படிப்புக்குப் புறப்படுகிறவர், புறப்படும் நாளைய சட்டத்தை நம்பிப் பத்து வருஷக் கடனில் கையெழுத்திடுகிறார் என்பதையே நாம் சுட்டிக் காட்டுகிறோம். அவர் பட்டத்தோடு வெளியே வரும் நாளில் சட்டம் எப்படியிருக்கும் என்பது வாஷிங்டனில் இருப்பவர்களுக்கே தெரியாது.

பள்ளிகளின் அறிக்கை

பள்ளிகள் வருஷந்தோறும் வேலை அறிக்கை வெளியிடுகின்றன. அதைப் படிக்கத் தெரிந்து படிக்க வேண்டும். வேலை தேடாதவர்கள், பழைய கம்பெனிக்கே திரும்பியவர்கள், சொந்தத் தொழில் தொடங்கியவர்கள் ஆகியோரைக் கழித்துவிட்டு எஞ்சியவர்களில்தான் சதவீதம் கூறுவார்கள். சம்பளத்தைத் தெரிவித்தவர்களின் சம்பளமே கணக்கில் வரும். சொல்ல வெட்கப்பட்டவர்களின் சம்பளம் வராது. இப்படிக் கழித்துப் பார்த்தும், ஹார்வர்டிலேயே 2024-இல் வேலை தேடிய பட்டதாரிகளில் 23 சதவீதத்தினர், பட்டம் பெற்று மூன்று மாதம் ஆகியும் வேலையின்றி இருந்தனர். 2022-இல் அது 10 சதவீதம். ஹார்வர்டிலேயே இந்த நிலை என்றால், பெயர் தெரியாத பள்ளிகளின் சங்கதியை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பள்ளிக்கு எழுதிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 'உங்கள் பட்டதாரிகளில் அமெரிக்கப் பிரஜையல்லாதவர்கள் எத்தனை பேர் வேலை தேடினார்கள், எத்தனை பேருக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தது, எந்தெந்தத் தொழிலில் கிடைத்தது?' என்று கேட்க வேண்டும். ஒழுங்கான பள்ளி பதில் சொல்லும். மழுப்பினால் அதுவே பதில். அப்பால், சென்ற வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் அங்கே படித்து முடித்த இந்தியர் நாலு பேரைத் தேடிப் பிடித்துப் பேச வேண்டும். பத்து வருஷத்துக்கு முன் போய் இன்று பெரிய பதவியில் இருப்பவரிடம் யோசனை கேட்பதில் பயன் குறைவு. அவர் கடந்து வந்த வாசல் அதற்குள் இடம் மாறிவிட்டது.

நகரந்தோறும் கடை விரித்திருக்கும் கல்வித் தரகர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இவர்களில் பலர் மாணவரிடம் பணம் வாங்குவதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். எங்கிருந்து வாங்குகிறார்கள்? மாணவரைப் பிடித்துக் கொடுத்ததற்காகச் சர்வகலாசாலையிடமிருந்து தரகு வாங்குகிறார்கள். பெரிய பள்ளிகள் தரகு கொடுத்து ஆள் பிடிப்பதில்லை. ஆகவே தரகர் சிபாரிசு செய்யும் பள்ளி எப்படிப்பட்டது என்பதை யோசித்துக்கொள்ளலாம். ஆங்காங்கே ஊர் பேர் தெரியாத கல்லூரிகளில் இருபது முப்பது லட்சத்தைக் கொட்டி ஒரு வருஷ எம்.பி.ஏ. வாங்கிவிட்டு, கிட்டங்கியில் பெட்டி தூக்குகிற பட்டதாரிகள் இருக்கிறார்கள். பெட்டி தூக்குவது இழிவல்ல. அதற்கு எம்.பி.ஏ. தேவையில்லை என்பதுதான் விஷயம்.

போனவர்களும் போகாதவர்களும்

இந்த வாதத்தைக் கேட்டதும் இளைஞர்கள் இரண்டு பெயர்களைச் சொல்வார்கள். நாமே சொல்லிவிடுகிறோம். சென்னையில் பிறந்த இந்திரா நூயி, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, கல்கத்தா நிர்வாகக் கழகத்தில் தேறி, இங்கே சில காலம் வேலை பார்த்து, 1978-இல் யேல் சர்வகலாசாலைக்குப் போனார். இரவு முழுவதும் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்துக்கொண்டு படித்தவர். 2006-இல் பெப்ஸிகோ கம்பெனியின் தலைமைக்கு வந்து 2018 வரை நடத்தினார். மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை, காரக்பூரிலும் ஸ்டான்போர்டிலும் என்ஜினீயரிங் படித்து, 2002-இல் வார்ட்டன் பள்ளியில் எம்.பி.ஏ. பெற்றார். முதலில் அமெரிக்கா செல்ல அவருடைய விமானச் சீட்டுக்காகத் தகப்பனார் ஒரு வருஷச் சம்பளத்துக்குச் சமமான தொகையைச் செலவிட்டதாக அவரே கூறியிருக்கிறார். இவர்கள் நம்மவர் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் கவனிக்க வேண்டியது ஒன்று: தகப்பனார் கொடுத்தது விமானச் சீட்டுக்கு ஒரு வருஷச் சம்பளம். இன்று கேட்கப்படுவது அவர் ஆயுள் சம்பாத்தியம்.

சத்யா நாதெல்லா எம்.பி.ஏ. பெற்ற விதம் இன்னும் யோசிக்கத் தக்கது. அவர் மைக்ரோஸாப்ட் கம்பெனியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே, வாரக் கடைசியில் விமானமேறிச் சிகாகோ சர்வகலாசாலைக்குப் போய்ப் படித்து, 1997-இல் பட்டம் பெற்றார். சம்பளத்தை விட்டுவிடவில்லை. உத்தியோகம் முதலில், பட்டம் பிறகு.

போகாதவர்களையும் பார்ப்போம். அஜய் பங்கா 1981-இல் அகமதாபாத் கழகத்தில் தேறினார். அயல்நாட்டுக் கலாசாலை எதிலும் நிர்வாகப் பட்டம் பெற்றவரல்லர். இந்தியாவில் நெஸ்லே கம்பெனியில் சேர்ந்து, பிறகு சிட்டி பாங்கியின் வழியே கடல் கடந்து, மாஸ்டர்கார்ட் கம்பெனிக்குத் தலைவராகி, 2023-இல் உலக பாங்கியின் தலைவரானார். கோலாப்பூரைச் சேர்ந்த லீனா நாயர் ஜாம்ஷெட்பூரில் படித்து, ஹிந்துஸ்தான் லீவரில் பயிற்சியாளராகச் சேர்ந்து, அதே கம்பெனியின் ஏணியில் ஏறி லண்டனை அடைந்து, 2022-இல் பிரான்ஸின் ஷனேல் கம்பெனிக்குத் தலைமை நிர்வாகியானார். இவர்களைக் கடல் கடத்தியது கம்பெனி. பயணச் செலவும் விசாச் செலவும் கம்பெனியுடையவை. வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருந்தது.

எல்லோரும் பங்கா ஆக முடியாது என்பது உண்மைதான். எல்லோரும் பிச்சை ஆகவும் முடியாது. ஆனால் உள்ளூரில் படித்து ஏதோ ஒரு நடுத்தர உத்தியோகத்தில் நின்றுவிட்டவருக்குக் கடன் தாங்கக்கூடிய அளவில் நிற்கிறது. அகமதாபாத்தில் இரண்டு வருஷக் கட்டணம் இருபது லட்ச ரூபாயைத் தாண்டிவிட்டது. பொதுப் பணத்தில் எழுப்பிய கழகத்தில் இவ்வளவு கேட்பது நியாயந்தானா என்பது தனி விவாதம். அதை விடப் பல மடங்கு கேட்கிறது அமெரிக்கப் பள்ளி. மேலும், அயல்நாட்டுக் கம்பெனிகள் தங்கள் கணக்கையும் ஆராய்ச்சியையும் நிர்வாகத்தையும் நடத்துவதற்கு இந்தியாவில் திறந்திருக்கும் அலுவலகங்கள் 2024-இலேயே 1,700-ஐத் தாண்டிவிட்டன. சென்னைப் பழைய மகாபலிபுரம் சாலையில் உட்கார்ந்துகொண்டு லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வேலை பார்க்கிறவர் எத்தனை ஆயிரம் பேர்! சர்வதேச உத்தியோகம் என்றால் சர்வதேச விமான நிலையத்தைத் தாண்டிய உத்தியோகம் என்று இன்னும் நினைப்பது பழைய வழக்கம்.

அப்படியானால் யார்தான் போகலாம்? எங்கள் அபிப்பிராயத்தைத் தயங்காமல் சொல்கிறோம். திரும்பி வந்தாலும் வேலை காத்திருக்கிறது என்ற நிலையில் உள்ளவர் போகலாம். குடும்பத் தொழில் இருப்பவர் அத்தகையவர். கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் பர்டியூ சர்வகலாசாலையில் நிர்வாகம் பயின்று திரும்பி, டி.வி.எஸ். குடும்பத்துத் தொழிற்சாலைகளை நடத்திய வேணு சீனிவாசன் போன்றோருக்கு விசாவைப் பற்றிய கவலை எழுவதற்கே இடமில்லை. முழு உபகாரச் சம்பளமோ அதற்கு அருகில் வரும் தொகையோ கிடைத்தவர் போகலாம். செலவைக் கம்பெனி ஏற்று, திரும்ப எடுத்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். இன்ஸியாட் போன்ற பள்ளியில் படிப்பு பத்தே மாதம். கட்டணம் சொற்பமல்லவென்றாலும் இழக்கும் சம்பளம் ஒரு வருஷத்துக்குத்தான். தொழிலை அடியோடு மாற்றிக்கொள்ள விரும்பாமல், இருக்கும் தொழிலிலேயே மேலே ஏற விரும்புகிறவருக்கு அது பொருத்தம்.

இந்த நிலைமைகள் ஒன்றும் இல்லாமல், கடனே மூலதனமாகப் போகிறவருக்கு நாம் சொல்லக்கூடிய அளவுகோல் ஒன்றே. இந்தியாவில் திரும்பி வந்து கிடைக்கக்கூடிய சம்பளத்தில், கைக்கு வருவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவணை போகாதபடி எவ்வளவு கடன் வாங்கலாமோ அவ்வளவே வாங்க வேண்டும். மேலே சொன்ன 40 லட்சச் சம்பளக்காரருக்கு அது மாதம் சுமார் 88,000 ரூபாய். வட்டி ஏறியபின் நிற்கும் கடன் 64 லட்சத்துக்கு மேற்படக் கூடாது என்று அர்த்தம். அதற்குள் அடங்கும் பள்ளி கிடைத்தால் போகட்டும். அடங்காவிட்டால் ஒரு வருஷம் பொறுத்து, பரீட்சையை மறுபடி எழுதி, உபகாரச் சம்பளத்துக்கு மறுபடி மனுச் செய்யட்டும். இடம் கொடுத்த பள்ளியிடம் இன்னும் கொஞ்சம் தொகை கேட்டு எழுதுவதில் வெட்கம் வேண்டியதில்லை. வேறு பள்ளி கொடுக்க முன்வந்ததைக் காட்டிக் கேட்டால் கூட்டிக் கொடுப்பதும் உண்டு.

ஜாமீன் கேட்காமல் டாலரிலேயே கடன் கொடுக்கும் வெளிநாட்டு நிறுவனங்களும் இப்போது இருக்கின்றன. பத்திரம் தப்பியது என்று இதில் மகிழ்ச்சி அடைகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கட்டும். அங்கேயே வேலை கிடைத்தால் இதனால் தொல்லையில்லை. திரும்பி வந்து ரூபாயில் சம்பாதித்து டாலரில் அடைக்க நேர்ந்தால், ரூபாயின் விலை இறங்க இறங்கத் தவணை தானாக ஏறிக்கொண்டே போகும். 2010-க்கும் 2025-க்கும் இடையில் டாலர் விலை இரட்டித்ததை முன்பே சொன்னோம்.

நமது குடும்பங்களில் பிள்ளை சொன்னால் தகப்பனார் கையெழுத்துப் போட்டுவிடுவார். தாயார் நகையைக் கழற்றிக் கொடுத்துவிடுவார். கல்யாணமானவராயிருந்தால் மனைவியை யாரும் கேட்பதே இல்லை. இது மாற வேண்டும். தங்கினால் என்ன, திரும்பினால் என்ன என்ற இரண்டு கணக்கையும் மாதத் தவணை வரையில் ஒரே காகிதத்தில் எழுதி, ஜாமீன் கையெழுத்துப் போடப் போகிறவர்கள் அனைவர் முன்பும் வைக்க வேண்டும். இரண்டாவது கணக்கைப் பார்த்த பிறகும் அவர்கள் சம்மதித்தால், பாங்கி மானேஜரைப் பார்க்கப் போகலாம்.